துரை பங்களாவும் லயமும்: இரண்டையும் காக்க ஒரு பொது வேண்டுகோள்

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோருக்கும், அவற்றை நிர்வகிக்கும் கம்பனிகளுக்கும், மலையக வரலாற்றில் அக்கறையுள்ள அனைவருக்கும் ஆர்வலர் குழுவொன்று விடுக்கும் வேண்டுகோள் இது.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததும், 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டியதும் சேர்ந்தே அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளைத் தேயிலைக்காடாக்கின. தோட்ட முகாமையாளர்கள் வசித்த துரை பங்களாக்கள் பலவும் இக்காலத்தையொட்டி எழுந்தவை. பொகவந்தலாவையில் 1888இல் கட்டப்பட்ட டின்சின் பங்களா அவற்றுள் ஒன்று. கருங்கல் அத்திவாரம், அடைமழைக்கு ஈடுகொடுக்கும் சரிந்த கூரை, குளிர்காயும் கணப்படுப்பு, அகன்ற விறாந்தை, புகையும் வேலையாட்களின் நடமாட்டமும் விருந்தினர் கண்ணில் படாதபடி பின்னால் ஒதுக்கப்பட்ட குசினி ஆகியவை இவற்றில் பரவலாகக் காணப்படுகின்றன. பெரும்பாலும் மேட்டில் அமைந்த இவ்வீடுகள் காற்றையும் காட்சியையும் மட்டுமன்றி, தோட்டத்தின் மீதான அதிகாரத்தையும் துரைக்கு உரியதாக்கின.

அந்த அதிகாரத்தின் மறுபக்கம் தொழிலாளர் வசித்த லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட, பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவான காம்பராக்களில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியது. முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயத்திலோ பின்சுவரில் சன்னல் வைக்கவும் வழியில்லை. ஆகவே பங்களாவைத் தனித்து நோக்குவோருக்கு அழகு மட்டுமே புலப்படும். லயத்தோடு சேர்த்து நோக்குவோருக்கே தோட்டமுறை விளங்கும்.

சில பங்களாக்கள் இன்று உல்லாச விடுதிகளாகிப் பராமரிப்புப் பெற்றுள்ளன. லயங்களுக்கு அவ்வாய்ப்பு அரிது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது விதிவிலக்கே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னங்களாகக் கொள்வதால், அதற்குப் பின்னர் உருவான தோட்டக் கட்டடங்களுக்கு வர்த்தமானி அறிவித்தல் மூலமே பாதுகாப்புக் கிடைக்கும்.

மக்கள் தொடர்ந்து லயத்தில் வாழ வேண்டும் என்பது இவ்வேண்டுகோளின் பொருள் அன்று. சொந்தக் காணியும் தனிவீடும் அவர்களது உரிமை. அவ்வுரிமை நிறைவேறி லயங்கள் காலியாகும்போது, ஒவ்வொரு தோட்டப் பகுதியிலும் ஒரு லயமேனும், அதன் பங்களாவும், தொழிலாளர் வேலைக்காகக் கூடும் பிரட்டுக்களமும் அடங்கிய தொகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட வேண்டும் என அரசிடம் கோரப்படுகிறது. பழைய கட்டடங்களை இடிப்பதற்கோ மாற்றுவதற்கோ முன்னர் அவற்றை அளந்து, படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதோடு, தொழிலாளர் வரவைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களையும் கட்டட வரைபடங்களையும் அழிக்காது ஒப்படைக்குமாறு கம்பனிகள் வேண்டப்படுகின்றன. தோட்டத்து மக்கள் தம்மிடமுள்ள பழைய படங்களையும் பத்திரங்களையும் பிரதியெடுத்து உள்ளூர் நூலகங்களுக்கு வழங்குவதுடன், எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். துரைமாரின் பெயர்களைத் தோட்டப் பதிவேடுகள் காத்துவந்துள்ளன, தொழிலாளரின் வாழ்வைப் பதிவுசெய்ய அவர்களது சந்ததியினரே முன்வர வேண்டியுள்ளது.