பாட்டிக் துணி விற்று ஓவியம் வளர்த்த கிராமம்!

"கண்ணு, நம்ம தாத்தா போட்டோவைப் பார்த்துப் பெருசா ஒரு படம் வரைஞ்சு கொடேன். ஹால்ல மாட்டணும்!"

படம் வரையத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. அத்தையோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு மாமியோ... கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். வரைந்து கொடுத்ததும், 'உன் கையில தெய்வம் இருக்கு' என்று ஒரு பாராட்டு. கேன்வாஸுக்கும் கலருக்கும் ஆன காசு? அதை அவரும் கேட்பதில்லை. பிள்ளையும் கூச்சத்தில் சொல்வதில்லை.

இந்தக் கூச்சத்தோடு தொழிலுக்கு வருகிறவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள். ஆனால், அறுபது வருடங்களுக்கு முன்பே மெட்ராஸில் ஓர் ஓவியர் கூட்டம் இந்தச் சிக்கலை உட்கார்ந்து பேசி, ஒரு வழி கண்டுபிடித்தது. ஈ.சி.ஆர் பக்கம் போகிறவர்கள் அந்த இடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம்.

1850-ல் தொடங்கப்பட்டது சென்னை ஓவியப் பள்ளி. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1960-களில் அதன் முதல்வர் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர். அவரிடம் படித்தவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால், படித்து முடித்து வெளியே வந்தால் என்ன செய்வது? நவீன ஓவியத்தை வாங்கி வீட்டில் மாட்டும் வழக்கம் அன்றைய மெட்ராஸில் அபூர்வம். கேலரிகளும் இல்லாத குறை. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பர கம்பெனி, துணி டிசைன்... இவைதான் கண்முன் இருந்த வழிகள்.

அந்த வழியில் போனவர்கள் தோற்றுப்போனார்கள் என்று அர்த்தமில்லை. ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் பெரிய ஓவியர்கள் ஆனார்கள். கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த கோடுகளை, எந்த கேலரிக்கும் போகாத வாசகர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள். மாதச் சம்பளம் வீட்டைக் காப்பாற்றியது. மிச்ச நேரம் ஓவியத்துக்கு. ஆனால், எல்லோருக்கும் அந்த மிச்ச நேரம் வாய்ப்பதில்லையே!

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கைத்தொழில்; மனசுக்கு ஓவியம். இரண்டையும் ஒருவரே செய்யலாம், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்காக 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஹேண்டிகிராஃப்ட்ஸ் அசோசியேஷன்' என்று ஒரு சங்கம் பிறந்தது. அவர்கள் கையில் எடுத்த முக்கியமான தொழில், பாட்டிக்.

துணியில் உருக்கிய மெழுகால் வரைய வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த மெழுகு ஆங்காங்கே விரிசல் விட, அந்தக் கீறல் வழியாகச் சாயம் நுழைந்து மெல்லிய நரம்புபோலக் கோடுகள் விழும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் டிசைன் தெளிவாக வரும். இன்னொரு நிறம் வேண்டுமென்றால், மறுபடி மெழுகு, மறுபடி சாயம். தூரிகை பிடித்துப் பழகிய கைக்கு இது கஷ்டமான வேலை இல்லை. முக்கியமாக, இதை வாங்க ஆள் இருந்தது! நவீன ஓவியத்தைப் பார்த்து 'இது என்ன?' என்று விழிப்பவர்கள்கூட பாட்டிக் துணியை விலை கேட்டார்கள்.

அந்தக் கைவினை வருமானம் கைகொடுக்க, கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் உருவானது. இன்று அந்தப் பக்கம் சென்ட் நிலம் என்ன விலை என்று யோசித்தால் தலை சுற்றும். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே, யாரும் சீந்தாத மணல்வெளி. ஜே.சுல்தான் அலி, எஸ்.ஜி.வாசுதேவ், எஸ்.நந்தகோபால் என்று பல பெயர்கள் இந்தக் கிராமத்தோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் பணம் மட்டுமில்லை. அரிசி வாங்கப் பணம் துணியிலிருந்து வந்துவிட்டதால், ஓவியத்தை யாருக்காகவும் மாற்றி வரைய வேண்டியதில்லை. 'சோபா கலருக்கு மேட்சா வருமா?' என்று கேட்பவரிடம் தைரியமாக 'வராது' என்று சொல்லலாம்.

சரி, இன்றைய நிலைமை? கேலரிகள் வந்துவிட்டன, இன்ஸ்டாகிராம் வந்துவிட்டது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் திக்கென்றுதான் இருக்கும். ஓர் உதாரணம். ஒரு படம் கேலரியில் 15,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேலரி கமிஷன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போவது சகஜம். 40 சதவிகிதம் என்றால் 6,000 ரூபாய் போய்விட்டது. மீதி 9,000. கேன்வாஸ், கலர் 2,500. ஃபிரேம் 2,000. பேக்கிங், வண்டிக் கூலி 1,000. கையில் நிற்பது 3,500. வரைய 12 நாள் ஆனால், ஒரு நாளுக்கு 300 ரூபாய்கூட இல்லை! அதே வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவரின் நாள் கூலி இதைவிட அதிகம். இதிலும் படம் விற்றால்தான் இந்தக் கணக்கு. விற்காமல் திரும்பி வந்தால் வண்டிக் கூலி இரண்டு மடங்கு.

ஆகவே, விலை சொல்லும்போது 'பார்த்துக் கொடுங்க' என்ற வார்த்தையை மறந்துவிடுவது நல்லது. பொருள் செலவு, நாள் கணக்கு, கமிஷன் மூன்றையும் போட்டுத்தான் விலை. ஆர்டர் என்றால் பாதி அட்வான்ஸ் வாங்கிய பிறகே தூரிகை. திருத்தம் எத்தனை முறை என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், காப்புரிமை. தன் விருப்பத்துக்கு வரைந்த படத்தை விற்றால், வாங்கியவருக்குப் போவது படம் மட்டும்தான். அதை காலண்டராகவோ டீ-ஷர்ட்டாகவோ அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. அந்த உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கைமாற்ற முடியும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால், ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால், ஒருவர் காசு கொடுத்து 'எனக்கு இதை வரைந்து கொடு' என்று ஆர்டர் செய்த படத்துக்குக் கதை வேறு. தனி ஒப்பந்தம் இல்லையென்றால், காப்புரிமை ஆர்டர் கொடுத்தவருக்கே போய்விடும். தாத்தா படத்துக்கும் இது பொருந்தும். காசு வாங்கியிருந்தால்!

இன்னொன்றும் உண்டு. ஓவியத்தின் மூலப்படம் பிற்பாடு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதில் ஒரு பங்கு கேட்க ஓவியருக்கோ வாரிசுக்கோ காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு இடம் தருகிறது. உச்சவரம்பு 10 சதவிகிதம். ஓவியர்தான் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காகிதத்தில் அருமையான சட்டம். ஆனால், படம் யார் கைக்குப் போனது என்ற விவரமே இல்லாமல் எப்படிக் கேட்பது? அதனால் விற்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு போட்டோ, தேதி, வாங்கியவர் பெயர், பில் நகல்... வீட்டில் பால் கணக்கு எழுதுவதுபோல ஒரு நோட்டு போட்டாக வேண்டும்.

சோழமண்டலத்தில் 2009-ல் ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் படங்களை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். வெளி ஓவியர்கள் கண்காட்சி வைக்க வாடகை கேலரிகளும் உள்ளே உண்டு. அங்கே என்றில்லை, எந்த ஊரில் சுவரை வாடகைக்கு எடுத்தாலும் முதலிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "வாடகை மட்டும்தானா, படம் வித்தா அதுல கமிஷனும் உண்டா சார்?"