வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு



ஓர் இடத்தில் எத்தனை பறவைகள் வாழலாம் என்று முடிவு செய்வது யார்? நீர், வெப்பம், மண் போன்ற உயிரற்ற காரணிகளும், மரம், மீன், பூச்சி, மனிதர் போன்ற உயிருள்ள காரணிகளும் சேர்ந்துதான் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினால் மட்டும் போதுமா? செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியைக் கவனியுங்கள். பாடம் தானாகப் புரியும்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மழை பொய்த்துவிட்டால் வருகின்ற பறவைகளும் குறைந்துவிடுகின்றன.

ஏன் தெரியுமா? மரங்களைச் சுற்றி நிற்கும் தண்ணீர், கோட்டையைச் சுற்றியுள்ள அகழி மாதிரி. நாயும் பூனையும் கூடுகளை எளிதில் நெருங்க முடியாது. ஏரி வற்றினால் அந்தக் காவல் போய்விடும். இரையும் அப்படித்தான். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டும். நத்தை பெருக, சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் நீர் நிற்க வேண்டும். உயிரில்லாத மழைநீர், நத்தையின் எண்ணிக்கையையும் நாரையின் எண்ணிக்கையையும் சேர்த்தே முடிவு செய்கிறது, பார்த்தீர்களா!

அப்படியானால் மழை மட்டும் பெய்தால் போதுமா? போதாது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும், மனிதர்கள் வேட்டையாடினால் பறவைகள் தங்குமா? வேடந்தாங்கல் மக்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர், அவர்களுடைய நெல் வயலுக்கு நல்ல உரம். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் பெற்றார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையும் தவிர்த்து வருகிறார்கள். பறவை வயலுக்கு உதவுகிறது. மனிதன் பறவைக்குக் காவல் நிற்கிறான்.

செல்லங்களே, உயிருள்ள காரணிகளின் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது. அதை மறந்துவிடக் கூடாது. மழை நம் கையில் இல்லை. ஆனால் பெய்கிற மழையைத் தாங்கிக்கொள்ள ஏரி இருக்கிறதா, அதில் குப்பை நிறைகிறதா, கரையில் மரம் நிற்கிறதா என்பதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். பெரியவர்களின் துணையோடு வாரம் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். நீர் எவ்வளவு நிற்கிறது, என்னென்ன பறவைகள் வந்துள்ளன என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஓராண்டு முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் பறவைகளின் எண்ணிக்கை எப்படி மாறியது என்று உங்களுக்கே தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. நீங்களே எழுதிய பாடம்!

அன்புடன்,
ஆசிரியர்