மேடையில் இல்லாத மூன்றாவது ஆள்

மெல்பேர்ண் நகரில் 2017 வரை ஸ்வான்ஸ்ரன் வீதியும் கொலின்ஸ் வீதியும் சந்திக்கும் மூலையில் பெரிய வெண்கலச் சிலை ஒன்று நின்றது. ஒருவர் நிற்கிறார், மற்றவர் பக்கத்தில் இருக்கிறார். நிற்பவர் பேர்க், இருப்பவர் வில்ஸ். 1860 ஓகஸ்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஒட்டகங்களோடு வடகடல் வரை போய்வரப் புறப்பட்ட கூட்டத்தின் தலைவர்கள். திரும்பும் வழியில், 1861 இல், கூப்பர்ஸ் கிறீக் ஆற்றங்கரையில் இருவரும் மாண்டார்கள்.

சிலையைச் செய்தவர் சார்ள்ஸ் சமர்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த கொத்தனாரின் மகன். அவ்வளவு பெரிய வெண்கல வார்ப்பு அதுவரை இந்த நாட்டில் நடந்ததில்லை. ஆகவே தானே உலை கட்டி, தானே வார்த்தார். அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துச் சிதறும். வார்ப்பு ஆலையில் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு அந்த மனிதரின் துணிச்சல் விளங்கும். 1865 ஏப்ரலில் சிலையைத் திறந்துவைத்தார்கள்.

எங்களுக்குப் பெரிதாகப் படுவது மேலே நின்ற இருவருமல்ல, அடிப்பீடத்து வெண்கலப் பலகைகள்தான். அவற்றில் ஒன்றில் ஜோன் கிங் இருக்கிறார். அந்தக் கூட்டத்தில் வடகடல் வரை போய் உயிரோடு மீண்டவர் அவர் ஒருவர்தான். முன்பு இந்தியாவில் வெள்ளைக்காரப் படையில் இருந்த சாதாரண ஐரிஷ்காரர். ஆற்றங்கரையில் வாழ்ந்த யன்ட்ருவன்தா மக்கள் மீன் கொண்டுவந்தபோது, பேர்க் துப்பாக்கியால் சுட்டு அவர்களை வெருட்டினார். அவர்கள் உண்ணும் நார்டூ என்ற பூண்டின் வித்திகளை இவர்களும் தின்றார்கள். ஆனால் அதற்கொரு பக்குவம் இருக்கிறது. முறைப்படி வறுத்து, தண்ணீர் விட்டு அரைக்காவிட்டால் அது உடம்பிலுள்ள பி1 விற்றமினை அழித்துவிடும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர். வயிறு நிறைந்தது, உடம்பு தேய்ந்தது. தலைவர்கள் இறந்தபின் கிங் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் அவர்கள் சோறு போட்டார்கள், தேடிவந்தவர்கள் கண்டுபிடிக்கும்வரை.

சிலையும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. கொலின்ஸ் வீதி நடுவில் நின்றதை 1886 இல் ட்ராம் பாதைக்காக ஸ்பிறிங் வீதிக்கு மாற்றினார்கள். 1973 இல் கார்ல்டன் பூங்கா, 1979 இல் நகரச் சதுக்கம், 1994 இல் மேலே சொன்ன மூலை. 2017 இல் நிலக்கீழ் ரயில் வேலைக்காக அங்கிருந்தும் கழற்றினார்கள். எங்களில் சிலர் வாடகை வீடு மாறியதை விட இது குறைவுதான்!

கிங் 1872 இல் காலமானார். அவருடைய கல்லறை வட கார்ல்டனில் உள்ள மெல்பேர்ண் பொது மயானத்தில் இருக்கிறது. பேர்க், வில்ஸ் இருவரின் பெரிய கருங்கல் கல்லறையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கிங்கின் கல்லையும் தேடிப் பாருங்கள்.