டெபாசிட் கார்டை மூடலாமா?

கேள்வி: ‘‘வங்கியில் 30,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கினேன். இப்போது மோட்டார் எரிந்துவிட்டது. கார்டை மூடிவிட்டு டெபாசிட்டை எடுக்கலாமா? மூடினால் சிபில் ஸ்கோர் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முசிறி

இந்தச் சகோதரியின் குடும்பத்துக்கு 2 ஏக்கர் நிலம். வாழை நட்டிருக்கிறார்கள். இரண்டு கறவை மாடுகள். 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது குழுக் கடனில் சில தவணைகள் தள்ளிப்போயின. அதனால் 2022-ல் மாட்டுக் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. அதே வங்கியின் அலுவலர் ஒருவர் யோசனை சொல்லி, 2023-ல் 30,000 ரூபாய் டெபாசிட்டின் பேரில் 27,000 ரூபாய் வரம்புள்ள கார்டு வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து மாதம் ஒன்றிரண்டு மூட்டை மாட்டுத்தீவனம், பெட்ரோல் என்று கார்டில் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி வருகிறார். ஸ்கோர் இப்போது 741.

தை மாதம் இரண்டு மாடுகள் வாங்க 1 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் கேட்க இருந்தார். அதற்குள் இந்தப் புரட்டாசியில் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. புது மோட்டாருக்கும் கூலிக்கும் 28,000 ரூபாய் வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், ‘‘அந்தக் கார்டே வேணாம்மா, மூடிட்டுப் பணத்தை எடு’’ என்கிறார். பி.காம் படிக்கும் மகளோ, ‘‘மூடினா ஸ்கோர் போயிடும், தையில லோன் கிடைக்காது’’ என்கிறார். வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது. ஆனால், முன்பு ஒருமுறை அது ஏலத்துக்குப் போகும் நிலையில் மீட்கப்பட்டதால், மறுபடியும் அடகு வைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

மகன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, மகள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

மூடினால் என்ன ஆகும்?

ஸ்கோர் என்பது 300-லிருந்து 900 வரை போடப்படும் மதிப்பெண். சிபில் என்பது அதைக் கணக்கிடும் ஒரு நிறுவனத்தின் பெயர். அதைப்போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இந்தியாவில் உள்ளன. கடனைச் சரியான தேதியில் கட்டினாரா, கொடுத்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறார், எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறார், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டார் என்பவற்றை வைத்து இது போடப்படுகிறது.

கார்டை மூடினால், இதுவரை ஒழுங்காகக் கட்டிய வரலாறு அழிந்துவிடாது. மூடிய கணக்கின் விவரமும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு அறிக்கையில் இருக்கும். ‘ஸ்கோர் போய்விடும்’ என்பது அந்த அளவில் தவறு. ஆனால், இவருக்கு நடப்பில் இருக்கும் ஒரே கடன் கணக்கு இந்தக் கார்டுதான். அதை மூடினால், புதிதாகச் சேரும் நல்ல பதிவு அன்றோடு நின்றுவிடும். ஸ்கோர் ஓரளவு இறங்கவும் வாய்ப்புண்டு. எத்தனை மதிப்பெண் இறங்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒருமுறை மறுக்கப்பட்டவர், அடுத்த விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் முன்பு அப்படி ஒரு சோதனையில் இறங்கத் தேவையில்லை.

பணம் உடனே வராது

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்டு இருக்கும்வரை டெபாசிட் வங்கியின் பிடியில் இருக்கும். கார்டு பாக்கியை முழுவதும் கட்டி, மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தால், 7 வேலை நாள்களுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன் பிறகுதான் டெபாசிட் விடுவிக்கப்பட்டு, கையில் பணம் வரும். எப்படியும் பத்து நாள் ஓடிவிடும். தார் தள்ளும் வாழை அதுவரை தண்ணீருக்குக் காத்திருக்காது.

அப்படியென்றால் மோட்டாரையே கார்டில் வாங்கிவிடலாமா? வேண்டாம். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால்தான் வட்டி இல்லை. மாதம் 7,000 ரூபாய் மட்டுமே கட்ட முடிந்தவருக்கு அது முடியாது. பாக்கி நின்றால், பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவிகிதத்துக்கு மேல் போகும். 27,000 ரூபாய்க்கு முதல் மாதமே 800 ரூபாய்க்கு மேல் வட்டி. வரம்பு முழுவதையும் பயன்படுத்தினால் ஸ்கோரும் இறங்கும். கார்டைத் தேய்த்து ஏ.டி.எம்-மில் ரொக்கம் எடுப்பது அதைவிட மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

கணக்குப் போட்டால்...

மீதி இருப்பது சங்கிலி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, வங்கியிலோ நகைக்கடன் அன்றைக்கே கிடைத்துவிடும். ஆண்டு வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 28,000 ரூபாய் வாங்கி, பால் பணத்தில் மீதமாகும் 7,000 ரூபாயை மாதா மாதம் கட்டினால், நான்கு மாதத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நகை மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் சேரும்.

டெபாசிட்டை உடைக்காமல் விட்டால், 6.5 சதவிகித வட்டியில் அதே நான்கு மாதத்துக்கு 650 ரூபாய் வரும். ஆக, நகைக்கடன் வட்டியும் டெபாசிட் வட்டியும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், ஜி.எஸ்.டி-யோடு 590 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். அதை இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே கட்டிவிட்டார். தை வரை கார்டை வைத்திருப்பதால் புதிதாக நஷ்டம் இல்லை.

மறுபக்கம், தையில் வங்கிக் கடன் கிடைக்காமல் தனியார் ஃபைனான்ஸுக்குப் போக நேர்ந்தால்? 1 லட்சம் ரூபாய்க்கு 10 சதவிகித வட்டி என்பது ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதுவே 24 சதவிகிதம் என்றால் 24,000 ரூபாய். அந்த 14,000 ரூபாய் வித்தியாசம், வருடத்தில் பல மாதத் தீவனச் செலவு.

எனவே, தை மாதக் கடன் கைக்கு வரும்வரை கார்டை மூட வேண்டாம் என்பதே இந்தச் சகோதரிக்கான பதில். மோட்டாருக்கு நகைக்கடன் போதும்.

ஏலத்துக்குப் போகும் நிலை வந்த சங்கிலி என்பதால் அவருடைய பயம் நியாயமானது. அதற்கு மூன்று பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, நகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து வாங்காமல், தேவையான 28,000 ரூபாய் மட்டும் வாங்க வேண்டும். இரண்டு, அசலைப் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று நகையைக் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். மூன்று, கெடு தேதியை ரசீதில் பார்த்து, வீட்டுக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். அப்படியும் பால் பணம் குறைந்து, கெடு நெருங்கினால், அப்போது கார்டை மூடி டெபாசிட்டை எடுத்துச் சங்கிலியை மீட்டுக்கொள்ளலாம். முன்பு ஏலம்வரை போனபோது இந்த 30,000 ரூபாய் பின்னால் இல்லை. இப்போது இருக்கிறது.

மோட்டார் வாங்கும் முன்பு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மின் மோட்டார் மானியம் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது. வாங்கிய பிறகு போய்க் கேட்டால் பலன் இருக்காது.

உடனே மூட வேண்டியவர்கள்

அடகு வைக்க நகை இல்லாத வீடுகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்குவதுதான் மாற்று வழி என்றால், யோசிக்கவே வேண்டாம். கார்டை மூடி டெபாசிட்டை எடுத்துவிட வேண்டும். சொந்தப் பணத்தை 6.5 சதவிகிதத்துக்கு வங்கியில் வைத்துவிட்டு, 36 சதவிகிதத்துக்கும் 60 சதவிகிதத்துக்கும் கடன் வாங்குவது குடும்பத்தைக் கவிழ்க்கும். ஸ்கோரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கந்துவட்டியிலிருந்து மீள்வது அவ்வளவு எளிதல்ல.

கார்டு இருப்பதாலேயே தேவையில்லாததை வாங்குபவர்களும், ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டி வருபவர்களும், அடுத்த ஓராண்டுக்குக் கடன் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் தயங்காமல் மூடலாம்.

வைத்திருந்தால் கவனிக்க வேண்டியவை

* ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், தகவல் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு, வங்கியே கார்டை மூடிவிடலாம். மாதம் ஒரு மூட்டைத் தீவனமாவது வாங்கி, முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும்.

* வரம்பில் 30 சதவிகிதத்துக்குள் செலவு இருப்பது நல்லது. 27,000 ரூபாய்க்கு அது ஏறக்குறைய 8,000 ரூபாய்.

* ‘டெபாசிட் இருக்கிறதே, வங்கி எடுத்துக்கொள்ளட்டும்’ என்று தவணையை விட்டுவிடக் கூடாது. வங்கி டெபாசிட்டில் எடுத்துக்கொண்டாலும், தவறிய பதிவு அறிக்கையில் நிற்கும்.

* இந்தக் கார்டும் கிசான் கிரெடிட் கார்டும் ஒன்றல்ல. 1998-ல் தொடங்கிய கிசான் கார்டு பயிர்ச் செலவுக்கானது. 2019 முதல் கால்நடை வளர்ப்பவர்களும் தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு அதில் கடன் பெறலாம். வட்டி மிகக் குறைவு. மாட்டுக் கடன் கேட்கப் போகும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூடும் நாள் வந்தால்

மாட்டுக் கடன் கைக்கு வந்து, ஐந்தாறு தவணைகள் ஒழுங்காகக் கட்டிய பிறகு, நடப்பில் வேறொரு நல்ல கணக்கு இருக்கும். அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் முன்பு கார்டை மூடிவிடலாம். அதற்கு முன்பு, ‘இத்தனை ஆண்டு ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், டெபாசிட்டை விடுவித்துவிட்டுச் சாதாரணக் கார்டாக மாற்றித் தர முடியுமா?’ என்று வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். சில வங்கிகள் செய்கின்றன.

மூடுவதென்றால், கார்டிலிருந்து தானாகப் போகும் செல்போன் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் தவணை ஆகியவற்றை முதலில் நிறுத்த வேண்டும். பில்லில் இன்னும் ஏறாத செலவையும் கேட்டுக் கட்டிவிட வேண்டும். கார்டை மூடுவதும் டெபாசிட் பிடியை விடுவிப்பதும் இரண்டு வேலைகள். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதி, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாக்கி எதுவும் இல்லாதபோது 7 வேலை நாளைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி தர வேண்டும். ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தையும் மறக்காமல் வாங்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, கணக்கு மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறாக இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தை மாதம் விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது, பால் சங்கத்தில் பால் ஊற்றிய கணக்கையும், பணம் வந்த வங்கிப் புத்தகத்தையும் இந்தச் சகோதரி கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். கடன் கொடுப்பவர் ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை. கடனைத் திருப்பிக் கட்டும் வருமானம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். அதற்கு அந்தப் பால் கணக்குதான் சாட்சி.