தோற்றால் கோச்சைத் துரத்து!

2023 ஜனவரி 22. புவனேஸ்வர் கலிங்கா மைதானம். நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த நம்ம ஹாக்கி அணி, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் 5-4 என்று கோட்டை விட்டது. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் காலிறுதிகூட இல்லை. வயிறு எரியத்தான் செய்தது.

உடனே 'கோச்சை மாத்து' என்று ஒரு கூச்சல். கிரஹாம் ரீடும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 41 வருஷம் கழித்து, 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம் வந்ததும் இதே மனிதர் பயிற்சியில்தானே மக்களே? 1975-இல் கோலாலம்பூரில் கோப்பை வாங்கியதற்கு அப்புறம் எத்தனையோ கோச் மாறியாச்சு. 2023 வரை ஒரு தடவைகூட அரையிறுதி எட்டவில்லையே!

டெபாசிட் போடாதவர் வட்டி கேட்டு வந்தால் எங்கள் பேங்கில் சிரிப்போம். பிள்ளை கையில் ஹாக்கி மட்டையே கொடுக்காமல், சாயங்காலம் முழுக்க டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, கோப்பை எங்கே என்று கேட்கிறோமே, நம்மைப் பார்த்து யார் சிரிப்பது?