ராட்டினத்தில் சமம், தேர்வடத்தில்?

சித்திரை பிறந்துவிட்டால் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்துச் சனங்களிடம் ஒரே பேச்சுதான்: வீரபாண்டிக்கு எப்பப் போறோம்? போடிக்கு ஒரு பஸ், போடியிலிருந்து தேனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கம்பம் ரோட்டில் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனுக்கு எட்டு நாள் திருவிழா. தீச்சட்டி, ஆயிரங்கண் பானை எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குச் சாமி ராட்டினம்தான்.

நானும் அப்படிப் போனவன்தான். எங்கள் ஊர்ப் பொங்கலில் (ஊர்ப் பேர் வேண்டாம், எந்த ஊரில் இல்லை இது?) சேரிப் பிள்ளைகள் நிற்பதற்கென்று ஒரு புளியமரத்தடி இருந்தது. அதைத் தாண்டக்கூடாது. அப்பா கொட்டடித்தால்தான் சாமி கிளம்பும். சாமி கிளம்பினதும் அப்பா ஒதுங்கி நிற்கணும். வீரபாண்டியில் முதல்முதலாக ராட்டினத் தொட்டியில் ஏறியபோது பக்கத்தில் யாரோ பெரிய வீட்டுப் பையன். உச்சிக்குப் போனதும் பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இறங்கினதும் அம்மாச்சி சொன்னது: "இங்க சீட்டுதான்டா கேக்குறாய்ங்க, நீ எந்தத் தெருன்னு கேக்கல."

இதைச் சின்ன விசயம் என்று ஒதுக்குகிற தோழர்கள் நம்மிடமே உண்டு. நிலம், கூலி, படிப்பு என்று ஆயிரம் பிரச்சினை கிடக்க, ராட்டினம் ஒரு பிரச்சினையா என்பார்கள். சந்தோசத்தையும் பங்கு வைத்துப் பூட்டி வைத்திருப்பதுதான் சாதி என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கறுப்பின மக்கள் மறக்கவில்லை. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில், டி.வி. விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போகணும் என்று கேட்ட தன் ஆறு வயது மகளிடம், கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல நேர்ந்த வேதனையும் இருக்கிறது.

பால்டிமோர் அருகே க்வின் ஓக் என்று ஒரு பழைய கேளிக்கைப் பூங்கா. அங்கே வருசாவருசம் 'அனைத்து நாடுகள் தினம்' என்று விழா நடக்கும். உலகமே ஒண்ணாம், ஆனா கறுப்பருக்கு வாசல்லயே தடை! 1955 முதல் அந்த விழா நாளிலேயே மறியல் செய்தார்கள். 1963 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று மட்டும் 283 பேர் கைது. அதே வருசம் ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் கிங் பேசிய அதே நாள், பூங்கா திறந்தது. குதிரை ராட்டினத்தில் முதலில் ஏறிய கறுப்புப் பிள்ளை ஷரோன் லாங்லிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. எட்டு வருசம் மறியல் செய்து வாங்கியது ஒரு ராட்டினச் சுற்று. அதை அவர்கள் சின்ன விசயம் என்று நினைக்கவில்லை.

நம் அரசியல் சட்டமும் நினைக்கவில்லை. 15(2) பிரிவு கிணறு, குளம், சாலையோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்தே சொல்கிறது.

சரி, ராட்டினத்தில் ஏறியாச்சு. அத்தோடு சமத்துவம் வந்துருச்சா? சந்தை வந்தால் சாதி போயிரும் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி. சீட்டு தருகிற சமத்துவம் ராட்டினம் நிற்கிற வரைக்கும்தான். அதுவும் மடியில் காசு இருந்தால். நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு சுற்று ஏறி இறங்கினால் காயெடுத்த கூலி கரைந்துவிடுகிறது. ஒரே திருவிழாவுக்குப் போய் வந்த சனங்கள்தான் இந்த வட்டாரத்தில். 1989இல் போடியில் சாதிக் கலவரம் வெடித்து உயிர்கள் போனபோது, ஒன்றாகச் சுற்றிய ராட்டினம் யாரையும் காப்பாற்றவில்லை.

காசுக்குக் கிடைக்கிற இடத்தில் நம்மை விடுகிறார்கள். மரியாதைக்குரிய இடத்தில்தான் மறிக்கிறார்கள். மண்டகப்படி, பரிவட்டம், தேர்வடம் என்று வரும்போது தெரியும் சேதி. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கிற உரிமை கேட்டு 1990களில் கிளம்பிய போராட்டம் என்ன ஆனது? பல வருசம் தேரே ஓடவில்லை. உயர்நீதிமன்றம் நெருக்கிய பிறகு 2024 ஜூனில்தான், போலீஸ் காவலோடு நகர்ந்தது. சாமி தேர் ஏறாட்டியும் பரவால்ல, அவன் கை வடத்துல படக்கூடாது! அமெரிக்காவிலும் இதே புத்திதான். பூங்காக்களைக் கறுப்பருக்கும் திறந்துவிடு என்று வழக்கு வந்ததும், மான்ட்கோமரி நகரம் 1959இல் பூங்காக்களையே இழுத்து மூடியது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கேளிக்கை இடத்தில் மறிப்பதையும், கோயிலுக்குள் மறிப்பதையும், சாமி ஊர்வலத்தில் சேரவிடாமல் மறிப்பதையும் குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. படித்த பிள்ளைகள் இதை ஊரில் போய்ச் சொல்லணும். விழா நோட்டீஸ் அச்சாகி வந்ததும் கையில் வாங்கிப் பாருங்கள். மண்டகப்படியில் யார் யார் பேர் இருக்கிறது? நம் தெருவுக்குச் சாமி வருமா? கொட்டடிக்கிறவருக்கு என்ன கூலி, எங்கே சோறு? வடத்தில் யார் கை? எழுதி வையுங்கள். சேர்ந்து போய்க் கேளுங்கள்.

இந்தச் சித்திரைக்கும் மலைச்சனம் வீரபாண்டிக்குப் போகும். பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றுங்கள், ஆசை தீரச் சுற்றட்டும். இறங்கி வந்து, நம்ம ஊர்ல மட்டும் ஏம்ப்பா புளியமரத்தடி என்று கேட்டால், வாயை அடைக்காதீர்கள். கையைப் பிடித்து மரத்தைத் தாண்டிக் கூட்டிப் போங்கள்.