இரண்டு முறை கோத்த வண்டி

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாலைவனத்தைவிட அதன் முதல் காட்சிதான் மனசில் தங்கியது. கேமரா உயரத்தில் நிற்க, கீழே ஒருவர் தன் மோட்டார் சைக்கிளோடு மும்முரமாக இருக்கிறார். பிறகு அதில் ஏறிப் போகிறார். சில நிமிடங்களில் செத்துப்போகிறார். அந்த வண்டியின் பெயர் பிரஃப் சுப்பீரியர்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ஹெய்டன் சாலையில் ஒரு சிறு தொழிற்சாலை. 1919-இல் ஜார்ஜ் பிரஃப் தொடங்கியது. அவருடைய அப்பா வில்லியம் ஏற்கெனவே அதே ஊரில் பிரஃப் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்தார். மகன் பிரிந்து வந்து, அதே பெயரோடு ‘சுப்பீரியர்’ என்று சேர்த்துக்கொண்டார். அப்படியானால் என் வண்டி மட்டமா என்று அப்பா கேட்டதாகச் சொல்வார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்? பெற்றவருக்கு எதிரில் இப்படி ஒரு பெயரை டேங்கில் எழுதிவிட்டால், அதைக் காப்பாற்றியே தீரவேண்டும். ஜார்ஜ் 21 வருடம் காப்பாற்றினார். அவ்வளவு காலத்தில் அவர் செய்தது சுமார் 3,000 வண்டிகள்தான்.

அந்த வண்டியின் பெரும்பாலான பாகங்கள் அவருடையவை அல்ல. இன்ஜின் லண்டன் டாட்டன்ஹாமிலிருந்த ஜே.ஏ.பி. கம்பெனியுடையது, பின்னாளில் மேட்ச்லெஸ். கியர்பாக்ஸ் ஸ்டர்மி ஆர்ச்சர். ‘வாங்கிக் கோத்த வண்டிதானே’ என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கோத்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியையும் முதலில் பெயிண்ட், முலாம் எதுவும் இல்லாமல் முழுசாகப் பூட்டுவார்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு ஒரு போல்ட் விடாமல் கழற்றி, பெயிண்டுக்கும் நிக்கல் முலாமுக்கும் அனுப்பி, திரும்பவும் பூட்டுவார்கள். பெயிண்ட் அடித்த பிறகு ஓட்டை சேரவில்லை என்று அரம் போட்டால் என்ன ஆகும் என்பது பட்டறையில் நின்று பார்த்த யாருக்கும் தெரியும். ராவிய இடத்தில் முதல் மழைக்காலத்திலேயே துரு ஏறும். அந்த ஒரு ராவலைத் தவிர்க்க, ஒரு வண்டிக்கு இரண்டு வண்டியின் வேலையைச் செய்தார்கள்.

‘மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ்’ என்று ஒரு பத்திரிகை விமர்சகர் எழுத, ஜார்ஜ் அதையே தன் விளம்பர வாசகமாக்கிக்கொண்டார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஒருவர் நேரில் விசாரிக்க வந்தாராம். அன்றைக்குக் கண்காட்சி வண்டிகளுக்கு வேலை நடந்துகொண்டிருந்ததால் தொழிலாளிகள் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்களாம். பார்த்தவர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போனார் என்று கதை. கையுறை அன்றைக்கு மட்டும்தான் என்றாலும், அந்த வாசகத்துக்கு அவர்கள் தகுதியானவர்கள் என்றே நினைக்கிறேன்.

1924-இல் எஸ்.எஸ்.100 வந்தது. பெயரிலுள்ள 100 என்பது மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்ததில் அந்த வேகத்தைத் தொட்டது என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள். விலை 170 பவுண்டு. சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளம் அதில் போய்விடும்.

அந்தப் படத்தின் நாயகன், விமானப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்திருந்த டி.இ. லாரன்ஸ், அடுத்தடுத்து ஏழு பிரஃப் வைத்திருந்தார். வண்டிகளுக்கு அவர் வைத்த பெயர் பொவனெர்கேஸ். யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு சூட்டிய பெயர் அது. இடிமுழக்கத்தின் மக்கள் என்று பொருள். அவற்றில் ஒன்றின்மேல் அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஜார்ஜ் நின்று பேசும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. விற்றவரும் வாங்கியவரும் முகம் பார்த்துப் பேசிய காலம்.

ஏழாவது வண்டியில்தான் லாரன்ஸ் 1935 மே 13 அன்று டார்செட்டில் பொவிங்டன் ராணுவ முகாமிலிருந்து தன் குடிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சாலை ஏறி இறங்கும் இடம். எதிர்பாராமல் சைக்கிளில் இரண்டு பையன்கள். ஒதுக்கப் பார்த்துத் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் நினைவே திரும்பாமல் மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அதோடு விட்டுவிடவில்லை. தலையில் அடிபட்டு இறந்த ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் கணக்கைத் தேடி எடுத்து, 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் வண்டியோட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆயிற்று. நடுவில் 32 வருடம்! அத்தனை வருடமும் வெறுந்தலையோடு போய்ச் செத்தவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஹெய்டன் சாலையில் 1940-இல் மோட்டார் சைக்கிள் வேலை நின்றது. போர். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இன்ஜினுக்குப் பாகங்கள் கடையும் வேலை வந்தது. பெயரை மட்டும் இரவல் வாங்கியிருந்த பட்டறை, அந்தக் கம்பெனிக்கே வேலை செய்தது. போர் முடிந்தபோது, ஜார்ஜின் வண்டிக்கு ஏற்ற இன்ஜின் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டு, டேங்கில் அந்தப் பெயரை எழுதியிருந்தால் விற்றிருக்கும். அவர் எழுதவில்லை. புது வண்டி ஒன்றுகூட செய்யாமலே 1970-இல் இறந்தார்.

ஆனால் பட்டறையைப் பூட்டிவிடவில்லை. ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு உதிரிபாகம் கேட்டு வந்தவர்களுக்கு, போருக்குப் பிறகும் பல வருடம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.